தூசி அடங்குவதற்குள்: ஸ்ரீநகர் விமானதளம், 1971 டிசம்பர் 14

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். உச்சிக்குப் போகிறோம் என்று நினைத்து ஏறினால், பெரிய மைதானம் மாதிரி ஒரு சமவெளி விரிந்து கிடக்கும். குகைக்குள் சாமி, வெளியே புல்லும் காற்றும். சுமார் 1,620 மீட்டர் உயரம். போன டிசம்பரில் ஒரு காலை அங்கே நின்றபோது, கூட வந்த பெரியவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, ஸ்ரீநகர் ரன்வே ஏறக்குறைய இந்த உயரம்தானுங்க."

அவர் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருக்காரர். விமானப்படையில் ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 1970களில் நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானங்களின் பீரங்கிகளுக்குத் தோட்டா ஏற்றிய கைகள் அவருடையவை. நான் பேசப்போகும் நாளில் அவர் ஸ்ரீநகரில் இல்லை, வேறொரு தளத்தில் இருந்தார். ஆனாலும் ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் காலையை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

என் வேலை வேறு. சேலத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஒரு விபத்து நடந்தால், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய் நிமிடக் கணக்கில் எழுதுவோம். யார் எங்கே நின்றார்கள், யாருக்கு எது தெரிந்தது, எப்போது தெரிந்தது. அன்று ஸ்ரீநகரில் இருந்த இந்திய விமானப்படை விமானி, ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகானின் கடைசிப் பறப்பைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும் வானத்தில்தான் தொடங்குகின்றன. நான் தரையில் தொடங்குகிறேன். அன்றைய சண்டையின் போக்கு முடிவானது ஓடுபாதையின் தொடக்க முனையில், ஒரு தூசி மண்டலத்துக்குப் பின்னால் ஒரு விமானி காத்திருந்த சில நொடிகளில் என்பது என் கருத்து.

நடந்தது

இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பெஷாவரிலிருந்து பாகிஸ்தான் விமானப்படையின் 26ஆவது ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) சேர்ந்த ஆறு சேபர் போர் விமானங்கள் ஸ்ரீநகரை நோக்கி வந்தன. நான்கில் குண்டுகள், மற்ற இரண்டும் அவற்றுக்குக் காவல். ஸ்ரீநகரில் இந்தியாவின் 18ஆவது ஸ்குவாட்ரனிலிருந்து வந்த நாட் விமானக் குழு ஒன்று தங்கியிருந்தது. இரண்டு நாட் விமானங்கள் தயார்நிலையில். முதல் விமானத்தில் ஃபிளைட் லெப்டினன்ட் கும்மன், இரண்டாவதில் சேகான்.

கும்மன் கிளம்பினார். அவர் விமானம் கிளப்பிய தூசியால் சேகானால் உடனே கிளம்ப முடியவில்லை. பாதை தெரிந்தபோது ஆறு சேபர்களும் தலைக்கு மேலே வந்துவிட்டன, தளத்தின்மேல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. சேகான் அந்தக் குண்டுவீச்சுக்குள்ளேயே ஓடிக் கிளம்பினார். மேலே ஏறியதும் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சேபர் ஜோடியின் பின்னால் போனார். மர உச்சி உயரத்தில் சண்டை. முதல் நாட் விமானத்தில் போன கும்மனால் சேகானைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற சேபர்கள் வந்து சேர, நான்குக்கு ஒன்று என்றானது. அடிபட்ட விமானத்தோடு தளத்துக்குத் திரும்பும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. நாட் சிறிது நேரம் நேராகப் பறந்தது, பிறகு தலைகீழாகப் புரண்டு விழுந்தது. விமானி அறையின் மேல்மூடி பறந்துபோனதைப் பார்த்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார். ஊரிலிருந்து தளத்துக்கு வரும் சாலையருகே ஒரு பள்ளத்தில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை.

இந்திய விமானப்படையில் இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

கிண்ணத்துக்குள் ஒரு தளம்

நிலத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சம்பவத்தைப் பேச முடியாது. காஷ்மீர் பள்ளத்தாக்கு ஒரு கிண்ணம், சுற்றிலும் பனிமலை. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நாமே ஒரு கிண்ணத்துக்குள்தான் இருக்கிறோம். வடக்கே சேர்வராயன், பக்கத்தில் நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நம்முடைய கிண்ணம் சிறியது, விளிம்பும் உடைந்தது. அங்கே விளிம்பு மூன்று நான்கு மடங்கு உயரம்.

ரேடாரின் பார்வை நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால் தாழ்வாக வருகிற விமானம் மலை விளிம்பைத் தாண்டும் வரை ரேடாருக்குத் தெரியாது. அதனால் பள்ளத்தாக்கின் காவல் பெரும்பாலும் மலைமுகடுகளில் உட்கார்ந்திருந்த மனிதர்களின் கண்ணையும் காதையும் நம்பியிருந்தது. விமானத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். சொன்னது தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதை நம் ஊர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம், காக்கை பறக்கிற தூரத்தில் சுமார் 15 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நிமிடத்துக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கடக்கும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நிற்கும் காவலாளி தன் தலைக்கு மேல் ஆறு விமானங்களைப் பார்க்கிறார் என்று வையுங்கள். அவர் போனை எடுத்து, மறுமுனையில் ஒருவர் எடுத்து, அவர் மணியடித்து, விமானி என்ஜினைக் கிளப்பி, ஓடுபாதை முனைக்கு உருட்டி வந்து, ஓடி, தரையை விட்டு எழும்ப வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான். மேலேயிருந்து சேலத்தைப் பார்க்கும்போது ஊர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நிதானமாகத் தெரியும்! அந்தத் தூரம் ஒரு நிமிடம்தான் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தக் காட்சி பழைய மாதிரி தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இதில் சேர வேண்டும். 1948ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாடு ஒன்றின்படி, போர் மூளும் வரை ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தி வைக்கவில்லை. அதனால் சேகானுக்கு அந்த நிலம் பழக்கமில்லை, அந்த உயரமும் குளிரும் பழக்கமில்லை. இதை அவருக்கான விருதுக் குறிப்பே சொல்கிறது. தன் பகுதியின் மலை எங்கே மடிகிறது, எந்த இடுக்கில் திரும்பலாம் என்பது உள்ளூர் விமானிக்குக் கைரேகை மாதிரி தெரியும். வந்து சில நாட்களே ஆன விமானிக்கு அது வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும்.

உயரத்தைப் பற்றி நானும் முதலில் பெரிதாகத்தான் நினைத்தேன். 1,650 மீட்டரில் காற்று மெலிந்திருக்கும், விமானம் மெதுவாகத்தான் எழும்பும், அதில்தான் நேரம் போயிருக்கும் என்று. கணக்குப் போட்டால் அது அவ்வளவாக நிற்கவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீநகர் டிசம்பர்க் காற்று, மே மாத மதியத்தில் நம் சேலத்துக் காற்றைவிட ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் மெலிவு. உயரத்தால் கொஞ்சம் இழப்பு இருந்திருக்கும். சம்பவத்தைத் தீர்மானிக்கிற அளவு இழப்பு அது இல்லை. அதனால் அந்தக் காரணத்தை என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

தூசி

சரி, தூசிக்கு வருவோம்.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. வெள்ளைக்கல் சுரங்கத்தின் பாதை பனிக்காலத்தில் மாவு மாதிரி ஆகிவிடும். முதல் டிப்பர் போனால் பின்னால் எழும் புழுதி வெள்ளையாக, திரை போட்டது போல நிற்கும். காற்று இல்லாத காலையில் அது சீக்கிரம் அடங்காது. இரண்டாவது டிப்பர் ஓட்டுபவருக்குத் தன் வண்டியின் பானட் தெரியும், அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு ஜனவரி காலை ஷிஃப்ட் தொடங்கிய பத்து நிமிடத்தில், இரண்டாவதாகப் போன டிப்பர் பாதையோர மண் திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. ஓட்டியவருக்குக் கால் முறிவு. நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே நின்ற எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: "அவன் நின்னிருக்கணும் சார், புழுதி அடங்கட்டும்னு." மேட் சொன்னார், ஃபோர்மேன் சொன்னார், அடிபட்ட டிரைவரே படுக்கையில் கிடந்தபடி அதைத்தான் சொன்னார். நான் நோட்டில் எழுதியதும் அதுதான். மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போய் நின்று பார்த்தேன். தண்ணீர் லாரி வந்து பாதையை நனைக்கும் நேரமும் முதல் லோடு கிளம்பும் நேரமும் அட்டவணையில் ஒன்றாகவே போட்டிருந்தது. முந்தைய நாள் மோட்டார் தகராறில் தண்ணீர் லாரி நிரம்பத் தாமதம். லோடு தாமதிக்கவில்லை. டிரைவர் நின்றிருக்கலாம்தான். ஆனால் அவர் பின்னால் மூன்றாவது டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. புழுதிக்குள் நின்றால் பின்னால் வருபவன் மோதுவான். போனாலும் ஆபத்து, நின்றாலும் ஆபத்து.

ஸ்ரீநகரில் அந்த இரண்டாவது ஓட்டுநரின் இடத்தில் சேகான். இந்த ஒப்புமையை நான் லேசாகச் செய்யவில்லை. டிப்பர் ஓட்டியவர் கால் ஒடிந்து பிழைத்தார். இவர் உயிரைக் கொடுத்தார். பார்வை மறைந்த அந்தக் கணத்தின் அமைப்பு மட்டும் ஒன்றே.

முன்னால் போன ஜெட்டின் வெப்பக்காற்று ஓடுபாதை ஓரத்து மண்ணை அள்ளி வீசியிருக்கிறது. சேகானுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: ஓடுபாதையின் மையக் கோடு, முன்னால் போன விமானம் எழும்பிவிட்டதா இல்லையா, பாதையில் குண்டு விழுந்து பள்ளம் ஏற்பட்டிருக்கிறதா. மூன்றும் அந்தத் தூசிக்குப் பின்னால். முன்விமானம் ஏதோ காரணத்தால் எழும்பாமல் நின்றிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஓடுபவர் அதன் மேலேயே போய் மோதுவார். காத்திருந்தது தயக்கம் இல்லை, சரியான பயிற்சி.

காத்திருப்பின் விலையும் நமக்குத் தெரியும். மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 220 மீட்டருக்கு மேல். இருபது நொடி நின்றால் எதிரி நாலரை கிலோமீட்டர் நெருங்கிவிடுவான். தளத்துக்கு வெளியே இருந்தவன் தளத்தின் மேலே வந்துவிடுவான். சேகானுக்கு நடந்தது அதுதான். அவர் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தபோது நிலைமை மாறிவிட்டது. "எதிரி வருகிறான், எழும்பு" என்றிருந்தது "எதிரி மேலே இருக்கிறான், என்ன செய்யப்போகிறாய்" என்றாகிவிட்டது.

அந்த நொடியில் அவர் முன் மூன்று வழி இருந்தது. என்ஜினை நிறுத்தி இறங்கிப் பதுங்கு குழிக்கு ஓடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாக்குதல் முடியும் வரை அங்கேயே நிற்கலாம். ஓடுபாதை முனையில் அசையாமல் நிற்கிற விமானம் எதிரிக்கு வைத்த இலக்கு, ஆக இதுதான் மூன்றிலும் மோசம். அல்லது கிளம்பலாம். கிளம்பும்போது விமானம் நேர்கோட்டில், மெதுவாக, தாழ்வாகப் போகும். திரும்ப முடியாது, தப்ப முடியாது. பறக்கும் வாழ்க்கையில் ஒரு போர் விமானி மிகவும் கையாலாகாமல் இருக்கும் நேரம் அதுதான். அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். நான் பல தடவை உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். வீரம் என்ற சொல்லை இந்தச் சம்பவத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால், மேலே நடந்த சண்டைக்கு முன்பே, இந்த முடிவில் வைப்பேன்.

நம்பர் டூ இல்லாத நம்பர் டூ

போர் விமானங்கள் ஜோடியாகப் போவதற்குக் காரணம் எளிது. விமானிக்கு முதுகில் கண் இல்லை. ஒருவர் தாக்கும்போது மற்றவர் அவருடைய வாலைப் பார்த்துக்கொள்வார். முன்னவர் லீடர், பின்னவர் நம்பர் டூ. ஜோடி பிரிந்தால் இரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒன்றரைப் பேர்கூட இருக்க மாட்டார்கள்; கண்ணில்லாத இரண்டு தனி ஆட்களாகிவிடுவார்கள்.

தூசி இழக்கவைத்த பெரிய விஷயம் நேரத்தைவிட இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்தடுத்துக் கிளம்பியிருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏறியிருப்பார்கள். இடைவெளி விழுந்ததும் லீடர் முன்னால் போய்விட்டார். நாட் மிகச் சிறிய விமானம். இறக்கையின் அகலம் 7 மீட்டருக்கும் குறைவு. நீளம் சுமார் 9 மீட்டர், நம் டவுன் பஸ்ஸைவிடக் குறைவு. எதிரியின் கண்ணுக்குச் சிக்காமல் இருப்பதற்குப் பேர்போன அந்தச் சிறிய உருவம், சொந்த லீடரின் கண்ணுக்கும் சிக்கவில்லை. குளிர்காலக் காலைப்பொழுது, மலைப் பின்னணி, கீழே மரங்கள், மேலே ஆறு எதிரி விமானங்கள்.

கும்மனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசுபவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று அங்கே இருந்த இருவரில் உயிரோடு திரும்பியவர் என்பதால் மட்டும் ஒருவரிடம் போய்க் கணக்குக் கேட்பது எங்கள் சுரங்க விசாரணைகளில் நான் நிறையப் பார்த்த பழக்கம். டிப்பர் கவிழ்ந்த அன்று முதல் டிப்பரை ஓட்டியவரைச் சுற்றி நின்றும் சிலர், "நீ ஏன்டா அவ்வளவு வேகமா போன?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் தன் வேலையைச் செய்தார். பின்னால் என்ன எழும்பியது என்பது அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

ஆறு நொடி

சேர்வராயன் கோயில் மேட்டில் உட்கார்ந்து பெரியவர் தன் கைவேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாட் உயரம் குறைவு, ஏணி தேடி அலைய வேண்டாம், தரையில் நின்றே பாதி வேலை முடிந்துவிடும் என்றார். காற்று உள்ளே போகும் வாயின் இரு புறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆடன் பீரங்கிகள், 30 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் 115 தோட்டா.

"ஒவ்வொண்ணும் இவ்ளோ மொத்தமுங்க" என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். "கையில எடுத்தா கனக்கும். துணியால துடைச்சு, கண்ணால பார்த்து, கோத்துக்கிட்டே போவோம். ஒண்ணு கோணலா போச்சுன்னா மேலே போய் மாட்டிக்கும். மேலே மாட்டினா எடுத்துவிட ஆள் கிடையாது."

அந்தப் பீரங்கி நிமிடத்துக்கு 1,200 தோட்டா சுடும். கணக்குப் பார்த்தால் 115 தோட்டா தீர ஆறு நொடிகூட ஆகாது. சேபரில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள், தோட்டா சிறியது, ஆனால் கால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்டச் சுடலாம். ஆக நாட் விமானி ஒவ்வொரு முறையும் விசையை அரை நொடி, ஒரு நொடி என்று தொட்டுத் தொட்டு விட வேண்டும். ஒருத்தனைத் துரத்திக்கொண்டு, பின்னால் வருபவனைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மர உயரத்தில் திரும்பிக்கொண்டு, மிச்சம் எவ்வளவு என்று மனதில் எண்ணிக்கொண்டு. சேகான் இதைத் தனியாகச் செய்தார்.

நாட் வேகமாகத் திரும்பும், வேகமாக ஏறும். 1965 போரில் சேபர்களை வீழ்த்தியதால் அதற்கு நல்ல பெயர் இருந்தது. அதன் பலவீனம் வால் பகுதிக் கட்டுப்பாடு. ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்கும் அந்த அமைப்பு பழுதானால் விமானத்தை அடக்குவது மிகக் கடினம். சிறிது நேரம் நேராகப் பறந்துவிட்டுத் திடீரெனப் புரண்டது என்ற விவரம் கட்டுப்பாட்டு அமைப்பு அறுந்ததையே காட்டுவதாகக் கருதப்படுகிறது. அந்த உயரத்தில் தலைகீழாகிவிட்ட விமானத்திலிருந்து குதிப்பதற்கு அவகாசம் இல்லை.

இரு தரப்புக் கணக்கு

இந்தியத் தரப்பின்படி சேகான் ஒரு சேபரை அடித்தார், இன்னொன்றுக்குத் தீ வைத்தார். அது புகையோடு ரஜௌரிப் பக்கம் போனது. பாகிஸ்தான் தரப்பின்படி ஆறு சேபர்களும் திரும்பி வந்தன. இதில் எது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. விமானச் சண்டையில் எண்ணிக்கை எப்போதும் கூடித்தான் வரும், பொய் சொல்லி அல்ல. இரண்டு நொடி பார்த்த புகையை வைத்து ஒரு விமானி சொல்வதுதான் கணக்கு.

என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறு இரண்டு விஷயம். ஒன்று, விருதுக் குறிப்பு அவருடைய வெற்றியை விழுந்த விமானங்களின் எண்ணிக்கையில் அளக்கவில்லை. எதிரி ஊரையும் தளத்தையும் தொடர்ந்து தாக்காமல் திரும்பிப் போனான், அதுதான் அவர் சாதித்தது என்கிறது. தளத்தைக் காப்பவருக்கு இதுதான் சரியான அளவுகோல். குண்டு போட வந்தவன் தன் வாலைக் காப்பதில் மும்முரமாகிவிட்டால், காவலாளியின் வேலை முடிந்தது. இரண்டு, சேகானைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சா பிற்காலத்தில் எழுதியபோது அவருடைய திறமையையும் துணிச்சலையும் மதித்து எழுதினார். பின்னால் இருந்து அந்த விமானத்தை அருகில் பார்த்த மனிதரின் சாட்சியம் அது.

கொழும்பு, 1942

இதே மாதிரிச் சம்பவம் நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பல்படையின் விமானங்கள் நூற்றுக்கும் மேல் கொழும்பின் மேல் வந்தன. முந்தைய நாளே கனடிய விமானி பர்ச்சால் ஓட்டிய கேட்டலினா என்ற கடல் ரோந்து விமானம் அந்தக் கப்பல்களைக் கடலில் பார்த்து, சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி அனுப்பிவிட்டது. எதிரி வருகிறான் என்று இலங்கைக்குத் தெரியும். இருந்தும் ரத்மலானை தளத்தில் இருந்த 30ஆவது ஸ்குவாட்ரன் விமானிகள் ஜப்பானிய விமானங்களைத் தலைக்கு மேலே பார்த்த பிறகுதான் தங்கள் ஹரிக்கேன் போர் விமானங்களை நோக்கி ஓடினார்கள். குண்டு விழ விழக் கிளம்பினார்கள். பிரிட்டிஷ் தரப்பு பதினெட்டுக்கும் குறையாமல் வீழ்த்தியதாகச் சொன்னது. ஜப்பான் உண்மையில் இழந்தது ஏழு. ஊருக்குள் குதிரைப் பந்தயத் திடலில் இருந்த இன்னொரு தளம் ஜப்பானியர்களுக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்து கிளம்பிய 258ஆவது ஸ்குவாட்ரனுக்கு ஓடுபாதையில் குண்டு விழவில்லை.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியானது. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் வீட்டில் அம்மாச்சி அந்த வருடத்தை "மெட்ராஸ்காரங்க வந்த வருஷம்" என்றுதான் சொல்வார். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்திருந்தார்களாம். ராத்திரி மாவு மில் சத்தம் கேட்டால்கூட சென்னையிலிருந்து வந்த அத்தை எழுந்து உட்கார்ந்துகொள்வாராம்.

கொழும்பில் முதல் நாள் மாலையே செய்தி இருந்தது. தளத்தில் நின்ற விமானிக்கு வந்து சேரவில்லை. ஸ்ரீநகரில் மலைமேல் காவல் இருந்தது, இரண்டு விமானம் தயாராக நின்றது; கடைசி நூறு மீட்டரில் பார்வை போனது. பார்த்தது ஒரு இடம், கிளம்ப வேண்டியது இன்னொரு இடம்; இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சங்கிலி நழுவுகிறது.

இதில் இந்தியா ஒரு பாடத்தை 1965இலேயே கற்றிருந்தது. அந்த செப்டம்பர் 6 மாலை பதான்கோட்டில் திறந்த வெளியில் நின்ற விமானங்கள் பத்து வரை சேபர்களின் தாக்குதலில் அழிந்தன. அப்புறம் தளங்களில் விமானங்களைப் பிரித்து நிறுத்தினார்கள், கான்கிரீட் கூடாரம் கட்டினார்கள். 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் பல தளங்களில் ஒரே நேரத்தில் திடீர்த் தாக்குதல் நடத்தியபோது, ஸ்ரீநகரும் அதில் ஒன்று, தரையில் நின்ற விமானங்கள் அநேகமாகத் தப்பின. நின்றுகொண்டிருக்கும் விமானத்தைக் காப்பது எப்படி என்று தெரிந்துவிட்டது. கிளம்பிக்கொண்டிருக்கும் விமானத்துக்குக் கூடாரம் கட்ட முடியாது. அந்த நேரத்தைக் குறைக்கத்தான் முடியும்: ஓடுபாதை ஓரத்தை மண்ணாக விடாமல் கெட்டிப்படுத்துவது, தாக்குதலை எதிர்பார்க்கும் நேரத்தில் ஒரு ஜோடியை வானத்திலேயே வைத்திருப்பது, மலைக்கு மேலே பறந்து பார்க்கும் ரேடார் விமானம் வைத்திருப்பது. பின்னது இப்போது நம்மிடம் இருக்கிறது. முதலாவதற்கு நான் எங்கள் பாதையில் தண்ணீர் லாரியின் நேரத்தை முக்கால் மணி முன்னுக்குத் தள்ளி வைத்தேன். அதற்காக ஒரு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது.

ஸ்ரீநகர்ச் சண்டைக்கு மூன்றாம் நாள், டிசம்பர் 17 இரவு, மேற்கு எல்லையில் போர் நின்றது.

கோயில் மேட்டில் வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பினோம். கார் ஏறுவதற்கு முன் பெரியவரிடம், அன்று அவர் ஸ்ரீநகரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"விமானம் திரும்பி வந்ததும் ஆயுதப் பிரிவுக்காரன் முதல்ல பாக்கறது தோட்டாப் பெட்டியைத்தானுங்க தம்பி" என்றார். "மூடியைத் திறந்து மிச்சத்தை எண்ணுவோம். எண்ணி நோட்டுல எழுதி, குறைஞ்சதை நிரப்பி, கையெழுத்துப் போட்டாத்தான் எங்க வேலை முடியும். அன்னைக்கு ரெண்டு போச்சு. ஒண்ணுக்கு மட்டும் எவனோ ஒருத்தன் நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னிருப்பான்."